தோட்ட உழுகருவி எஞ்சின் அடிக்கடி நின்றுபோதல்

தோட்ட உழுகருவி எஞ்சின் அடிக்கடி நின்றுபோதல் என்பது, சிறு பெட்ரோல் எஞ்சினால் இயங்கும் உழுகருவி கிளம்பியபின் சில நொடிகளோ சில நிமிடங்களோ ஓடிவிட்டு, நிறுத்துவிசையைத் தொடாமலேயே தானாக அணைந்துபோகும் கோளாறு ஆகும். புல்வெட்டி, நீரிறைக்கும் சிறு பம்பு, சிறு மின்னாக்கி ஆகியவற்றிலும் இதே வகை எஞ்சின்களே பயன்படுவதால், இங்கு கூறப்படுபவற்றுள் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் பவர் டில்லர் என்ற பெயர் பெரும்பாலும் டீசலில் ஓடும் இருசக்கர உழுபொறியையே குறிக்கிறது. டீசல் எஞ்சினில் கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும் இல்லாமையால் அதன் கோளாறுகள் வேறு. பவர் வீடர் என்ற பெயரில் விற்கப்படும் சிறு பெட்ரோல் கருவிகள் இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்கும்.

கிளம்பவே மறுக்கும் எஞ்சினைக் காட்டிலும், கிளம்பிப் பின் நிற்கும் எஞ்சினில் பழுதைக் கண்டறிவது ஒருவகையில் எளிது. எரிபொருள், காற்று, தீப்பொறி, சிலிண்டரின் அமுக்கம் ஆகிய நான்கும் சிறிது நேரமாவது அங்கே சரியாக இருந்துள்ளன. அவற்றுள் ஒன்று இடையில் விலகுகிறது. எஞ்சின் எப்போது, எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கவனித்தால், விலகுவது எது என்பதைப் பெரும்பாலும் எதையும் கழற்றாமலேயே ஊகிக்கலாம். இதைக் கவனியாமல் பிளக், காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிச் செல்வதே பலரும் பொருளையும் காலத்தையும் இழக்கும் வழியாகும். மண் உழுவதற்கேற்ற ஈரப்பதத்தில் இருக்கும் நாட்கள் சிலவே என்பதால், அந்தக் கால இழப்பு சிறியதன்று.

எஞ்சினின் அமைப்பு

பெரும்பாலான தோட்ட உழுகருவிகளில் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட, காற்றால் குளிர்விக்கப்படும் நான்கடிப்பு எஞ்சின் உள்ளது. கையில் தூக்கக்கூடிய மிகச் சிறிய கருவிகள் சிலவற்றில் ஈரடிப்பு எஞ்சினும் உண்டு. நான்கடிப்பு வகையில் பெட்ரோல் தொட்டி பொதுவாகக் கார்புரேட்டரை விட உயரத்தில் இருக்கும். எரிபொருள் புவியீர்ப்பால் இறங்கி, ஒரு வடிகட்டியைக் கடந்து, கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தை அடைகிறது. கிண்ணத்தில் மிதவை ஒன்றும் அதனுடன் இணைந்த ஊசியும் உள்ளன. கிண்ணம் நிறைந்ததும் ஊசி வழியை அடைக்கிறது. மட்டம் குறைந்ததும் திறக்கிறது. நம் ஊர் மேல்நிலைத் தொட்டிகளில் உள்ள மிதவை வால்வும் இதே முறையில்தான் இயங்குகிறது.

கிண்ணத்திலிருந்து எரிபொருள் ஜெட் எனப்படும் துளையிட்ட சிறு பித்தளைத் திருகின் வழியே மேலேறிக் காற்றுடன் கலக்கிறது. இத்துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது தேவைப்படும் எரிபொருளில் பெரும்பகுதி இந்த ஒரு துளையின் வழியாகவே செல்ல வேண்டும். எனவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பிசின் படலம்கூட எஞ்சினை நிறுத்தப் போதுமானது.

தீப்பொறிக்கு மின்கலம் தேவையில்லை. பிளைவீலில் பதிக்கப்பட்ட காந்தம் காயிலைக் கடக்கும்போதெல்லாம் உயர் மின்னழுத்தம் உண்டாகி ஸ்பார்க் பிளக்கைச் சென்றடைகிறது. கவர்னர் எனப்படும் வேகக் கட்டுப்படுத்தி, சுமை கூடும்போது திராட்டிலைத் தானாகத் திறந்து வேகம் குறையாமல் காக்கிறது.

நிற்கும் நேரமும் காரணமும்

சோக்கைத் திறந்ததும் எஞ்சின் நின்று, மீண்டும் பாதி மூடினால் மட்டும் ஓடுமானால், கலவையில் எரிபொருள் குறைவு என்பது ஏறக்குறைய உறுதி. சோக்கு காற்றைக் குறைத்து அக்குறையை மறைத்துக்கொண்டிருக்கிறது. ஜெட் ஓரளவு அடைபட்டிருக்கலாம்; அல்லது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் கிழிந்து புறக்காற்று உட்புகலாம். வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊசலாடுவதும் இதே குறையின் மற்றோர் அடையாளம். எரிபொருள் போதாமல் வேகம் சரிய, கவர்னர் திராட்டிலைத் திறக்க, வேகம் மிகுந்து மீண்டும் அது மூட, இவ்வாறு தொடர்கிறது. இவ்வூசலைக் கவர்னரின் கோளாறு என்று எண்ணி அதன் விற்சுருளை வளைத்துவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. அவ்வாறு செய்தால் எஞ்சின் வரையறுத்த வேகத்தை மீறிச் சுழன்று சிதையவும் கூடும்.

ஐந்து முதல் இருபது நிமிடம் வரை நன்றாக ஓடி, மெல்ல வலுவிழந்து நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும் எஞ்சினில் முதலில் ஐயுற வேண்டியது தொட்டியின் மூடியை. மூடியில் காற்று நுழைவதற்கென ஒரு நுண்துளை உண்டு. உழுகருவி புழுதியிலேயே வேலை செய்வதால் அது எளிதில் அடைபடுகிறது. எரிபொருள் இறங்க இறங்கத் தொட்டியினுள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டம் தடைபடுகிறது. எஞ்சின் நின்றவுடன் மூடியைத் தளர்த்தும்போது காற்று உறிஞ்சும் ஒலி கேட்டு, உடனே எஞ்சின் கிளம்பி ஓடுமானால் பழுது அதுவே. செலவே இல்லாத இச்சோதனையைத்தான் எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்தல் வேண்டும்.

இதே போலச் சூடானபின் நிற்கும் எஞ்சின், மூடியைத் தளர்த்தியும் கிளம்பாமல், நன்றாக ஆறிய பிறகே கிளம்பினால், காயிலையோ வால்வு இடைவெளியையோ பார்க்க வேண்டும். மெல்லத் தளராமல், விசையை அணைத்தது போல ஒரே கணத்தில் நிற்பது பெரும்பாலும் மின்சாரக் குறையின் அடையாளம். எரிபொருள் தீரும் எஞ்சின் இருமி, வேகம் தளர்ந்துதான் நிற்கும். வெறுமனே ஓடும்போது சீராக இருந்து, கத்திகள் மண்ணில் இறங்கியதும் நின்றால், அழுத்தமான சுமையோ, முதன்மை ஜெட்டில் அடைப்போ, வடிகட்டியில் தூசியோ காரணமாகும்.

எரிபொருள் வழி

நின்றுபோகும் சிறு எஞ்சின்களில் எரிபொருள் சார்ந்த கோளாறே மிகுதி. எஞ்சினைச் சற்று ஆறவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது இதற்கான முதற்படி. முனை முற்றிலும் உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. பெட்ரோலால் நனைந்திருந்தால் எரிபொருள் வந்துள்ளது, ஆனால் பற்றவில்லை. அல்லது மிதவை ஊசி சரியாக அடைக்காமல் அளவுக்கு மீறி வந்துள்ளது. உலர்ந்த கரும்புகைப் படிவு இருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி, காற்று குறைவு. காற்று வடிகட்டி அடைபட்டிருத்தலும் சோக்கு முழுதாகத் திறவாமையும் இதற்கான வழக்கமான காரணங்கள்.

முனை உலர்ந்திருந்தால், எஞ்சின் முழுதும் ஆறிய பின்னர், கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குடுவையில் எரிபொருளைப் பிடிக்க வேண்டும். தடையின்றித் தொடர்ந்து ஒழுகினால் தொட்டி முதல் கிண்ணம் வரை பழுதில்லை; அடைப்பு ஜெட்டில் உள்ளது. முதலில் ஒழுகிப் பின்னர்ச் சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் மூடியின் துளை, தொட்டியின் அடிவலை, பெட்ரோல் டேப், வடிகட்டி, உட்புறம் உப்பிப்போன ரப்பர்க் குழாய் இவற்றுள் ஒன்று காரணம். கிண்ணம் ஒரு முறை நிறைந்திருப்பதால்தான் எஞ்சின் கிளம்புகிறது. அந்த இருப்பு தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. சில நிமிடங்களில் கிண்ணம் மெல்ல நிறைய, மறுபடியும் கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே கால அளவு ஓடி நிற்கும் எஞ்சினில் இவ்விளக்கமே பெரும்பாலும் பொருந்தும்.

குடுவையில் பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், நீர் இருப்பின் அடியில் தனித்த குமிழாகத் தங்கும். நீர்த்துளி ஜெட்டின் வாயில் வந்து நிற்கும்போது எஞ்சின் அணைகிறது. கருவி குலுங்கித் துளி விலகினால் மறுபடியும் ஓடுகிறது. காரணமே புலப்படாமல் மாறி மாறி நிற்கும் எஞ்சின்களில் இதைப் பார்க்கத் தவறக் கூடாது.

ஜெட்டைத் துப்புரவு செய்ய கார்புரேட்டர்த் துப்புரவுத் திரவமும் அழுத்தக் காற்றும் போதுமானவை. இரும்புக் கம்பியையோ துளைகருவியையோ செலுத்தினால் மென்மையான பித்தளையில் துளை பெரிதாகிவிடும். அதன் பிறகு கலவை ஒருபோதும் சரியாவதில்லை. மெல்லிய செம்புக் கம்பியின் ஒற்றையிழையைப் பயன்படுத்துவது பழகிய பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். ஜெட்டை மட்டும் கழுவிவிட்டு, அதன் மேலுள்ள துளைகள் நிறைந்த நீண்ட குழலையும், மெதுவோட்டத்துக்கான தனித் துளையையும் விட்டுவிடுவதால் பாதி வேலையே முடிகிறது.

பழைய பெட்ரோலும் எத்தனாலும்

தோட்ட உழுகருவி ஆண்டில் சில நாட்களே வேலை செய்து, எஞ்சிய மாதங்களில் கொட்டகையில் கிடக்கும் கருவி. அதன் கோளாறுகளுள் பல ஓடும்போது உண்டாவதில்லை. ஓடாமல் இருக்கும்போதே உண்டாகின்றன. பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் வெளியேறிவிடுகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து பிசினாக மாறிக் கிண்ணத்திலும் ஜெட்டிலும் படிகிறது. புளித்த வார்னிசு போன்ற நெடி இதன் அடையாளம். எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலர் 30 நாட்களுக்குள் பயன்படுத்தக்கூடிய அளவு பெட்ரோலையே வாங்குமாறு அறிவுறுத்துகின்றனர்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் மேலும் இரு சிக்கல்கள் உண்டு. எத்தனால் நீரை ஈர்ப்பது. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஏறக்குறைய 15 பாகை செல்சியசில் லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் அளவு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் நீர் சேர்ந்தாலோ வெப்பநிலை தாழ்ந்தாலோ, நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்குகின்றன. குழாய் எரிபொருளை எடுப்பதும் அடியிலிருந்தே. இரண்டாவது சிக்கல் கலவை விகிதம் பற்றியது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோகிராம் போதும். ஜெட்டின் துளை மாறாதிருக்க எத்தனாலின் பங்கு கூடும்போது, கலவையில் எரிபொருள் குறைந்த நிலை ஏற்படுகிறது.

தற்காலச் சிறு எஞ்சின்கள் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய கார்புரேட்டர்கள் பலவற்றில் கிண்ணத்தின் அடியில் ஒரு சரிசெய் திருகு இருந்தது. அதைச் சிறிது திருப்பிக் கலவையில் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ள முடிந்தது. ஐக்கிய அமெரிக்காவில் சிறு எஞ்சின்களுக்கான புகை வெளியீட்டு விதிகள் 1997ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் நாடளாவிய அளவில் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் ஜெட்டுகள் நிலையானவையாகவும் கலவை குறைந்த பெட்ரோல் கொண்டதாகவும் அமைக்கப்பட்டன. பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட அடைப்பைப் புதிய எஞ்சின் பொறுப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 15 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை இத்தகைய எஞ்சின்களில் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனாலின் சராசரிக் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. 10 விழுக்காடு வரை மட்டுமே ஏற்கும் என்று கையேட்டில் குறிக்கப்பட்ட பழைய கருவிகளை இங்கு வைத்திருப்போர், பெட்ரோலைத் தொட்டியில் தேங்கவிடாமல் இருப்பது மிகவும் இன்றியமையாதது.

தீப்பொறி

ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி பல நான்கடிப்பு எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை. பிளக் மலிவானது என்பதால் ஐயம் இருப்பின் புதியதை இடுவதில் தவறில்லை. ஆனால் சூடானபின் நிற்கும் எஞ்சினில் முதன்மையாக ஐயுற வேண்டியது காயிலே. அதனுள் உள்ள நுண்கம்பிச் சுற்றோ மின்னணுப் பகுதியோ சூட்டில் விரிந்து தொடர்பறுகிறது. ஆறினால் மீண்டும் சேர்கிறது. ஆறிய காயிலைச் சோதித்தால் எவ்விதக் குறையும் தெரியாது. எஞ்சின் நின்ற அந்த நிமிடத்திலேயே, பிளக்குக்கும் அதன் கம்பிக்கும் இடையே பொருத்தும் தீப்பொறிச் சோதனைக் கருவியைக் கொண்டு பார்க்க வேண்டும். அப்போது தீப்பொறி இல்லாமல், ஆறியபின் இருந்தால் ஐயம் தெளிவாகிறது.

காயிலுக்கு விலை கொடுக்கும் முன் நிறுத்துக்கம்பியை ஆராய வேண்டும். எஞ்சினை நிறுத்துவதற்கான கம்பி காயிலை எஞ்சின் உடலுடன் இணைத்துத் தீப்பொறியை அணைக்கிறது. உழுகருவியின் அதிர்வில் இக்கம்பியின் மேலுறை தேய்ந்து உலோகத்தில் பட்டால், குலுங்கும்போதெல்லாம் எஞ்சின் நிற்கும். சோதனைக்காக அதைக் காயிலிலிருந்து விடுவித்துப் பார்க்கலாம். அந்நிலையில் விசையால் எஞ்சினை நிறுத்த முடியாதாகையால், பெட்ரோல் டேப்பை மூடியோ சோக்கை முழுதும் மூடியோ நிறுத்த ஆயத்தமாக இருத்தல் வேண்டும். சோதனை முடிந்ததும் கம்பியை மீண்டும் இணைத்தே உழவுக்கு எடுக்க வேண்டும்.

1980களுக்கு முற்பட்ட எஞ்சின்களில் பிளைவீலுக்கு அடியில் பாயிண்ட்டும் கண்டென்சரும் இருந்தன. பாயிண்ட்டின் முகம் கருகுவதாலும் கண்டென்சர் பழுதாவதாலும் இதே அறிகுறிகள் தோன்றும்.

சூடும் வால்வுகளும்

வால்வின் தண்டுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் இடையே சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, ஓண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின் ஆறியுள்ளபோது அது உள்வால்வுக்கு 0.15, வெளிவால்வுக்கு 0.20 மில்லிமீட்டர். நாட்பட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளிறங்கும்போது இந்த இடைவெளி குறைகிறது. எஞ்சின் சூடாகித் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் கசிகிறது. கயிற்றை இழுக்கையில் வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் எளிதாக வந்தால் இதுவே காரணமாகலாம். தீப்பொறியும் எரிபொருளும் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் நிற்கும் எஞ்சின்களில் இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

பிளைவீலின் உறைக்கு அடியில் புல்லும் புழுதியும் அடைந்து குளிர்விக்கும் இதழ்களை மூடுவது இதை விரைவுபடுத்துகிறது. வெளியே துடைத்துப் பளபளக்கும் கருவியிலும் உறையைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு இருப்பதுண்டு.

சுமையும் எண்ணெயும்

எஞ்சினில் எக்குறையும் இல்லாமலே கருவி நிற்பதும் உண்டு. கடினமான நிலத்தை முதல் ஓட்டத்திலேயே முழு ஆழத்துக்கு உழ முயன்றாலும், கொடியும் கம்பியும் கத்தித் தண்டில் சுற்றிக்கொண்டாலும் சிறு எஞ்சினால் தாங்க முடியாது. ஆழத் தடியை உயர்த்தி இரண்டு மூன்று ஓட்டங்களில் உழுவதே முறை. சில எஞ்சின்களில் எண்ணெய் மட்டம் தாழ்ந்தால் தீப்பொறியை அணைக்கும் உணரி உள்ளது. எண்ணெய் சற்றே குறைந்துள்ள நிலையில் சரிவில் உழும்போதோ, கத்திகள் இறங்கிக் கருவி பின்புறம் சாயும்போதோ இது எஞ்சினை நிறுத்தும். சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் பார்ப்பது ஒரு நிமிட வேலை. உணரியின் கம்பியைத் துண்டித்துவிடுவது எஞ்சினையே இழக்கச் செய்யும்.

பாதுகாப்பு

நின்றுபோன எஞ்சின் ஓய்ந்துவிட்ட எஞ்சின் அன்று. கத்திகளில் சிக்கியதை விடுவிக்கும்போது தண்டு திரும்பினால் பிஸ்டனும் நகரக்கூடும். சூடான சிலிண்டரில் எஞ்சியுள்ள கலவை பற்றினால் கத்தி சுழலும். எனவே பிளக்கின் கம்பியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதவாறு ஒதுக்கி வைத்த பின்னரே கத்திகளின் அருகே கையைக் கொண்டு செல்ல வேண்டும். சோதனையின்போது எஞ்சினை மூடிய கொட்டகையினுள் ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பனோரொக்சைடு நிறமும் மணமும் அற்றது. உயிரைப் பறிக்க வல்லது. சூடான சைலன்சருக்கு அருகே கிண்ணத்தைத் திறப்பதும், ஓடிய சூட்டோடு தொட்டியில் பெட்ரோல் ஊற்றுவதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு உள்ளதா என்றறிய ஓடும் எஞ்சின்மீது துப்புரவுத் திரவத்தைத் தெளிக்கும் வழக்கமும் இவ்வகையில் இடருடையதே. கேஸ்கெட்டையே மாற்றிப் பார்ப்பது மலிவும் பாதுகாப்பும் ஆகும்.

பழுதுநீக்கமும் மாற்றீடும்

கிண்ணத்தைக் கழுவுதல், புதிய பெட்ரோல், புதிய பிளக், தூய காற்று வடிகட்டி ஆகியவற்றால் சரியாகாத எஞ்சினுக்கு முழுக் கார்புரேட்டரையும் மாற்றுவது இன்று பழுதுபார்க்கும் கூலியை விடக் குறைந்த செலவில் முடிவதுண்டு. பழைய அமெரிக்க உழுகருவிகள் பலவற்றில் உள்ள டெக்கம்சே எஞ்சின்களின் உற்பத்தி 2008ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுவிட்டது. அவற்றுக்குப் பிற நிறுவனங்கள் செய்யும் மாற்று உறுப்புகளையே நம்ப வேண்டியுள்ளது. உருளை தேய்ந்து அமுக்கம் இழந்த எஞ்சினைத் தவிர, நின்றுபோகும் எஞ்சினை முழுமையாக மாற்றவேண்டிய தேவை அரிதே.

சேமித்து வைத்தல்

உழவுக்காலம் முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பின்னர்க் கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து எஞ்சிய சில துளிகளையும் வெளியேற்ற வேண்டும். ஓடி நின்ற எஞ்சினின் கிண்ணத்தில் ஜெட்டுக்குக் கீழே சிறிது பெட்ரோல் எப்போதும் தங்கியிருக்கும், பிசினாவது அதுவே. தொட்டியில் பெட்ரோலை விட்டுவைக்க வேண்டியிருந்தால், நிலைநிறுத்தும் கரைசலைப் புதிய பெட்ரோலில் கலந்து, அது கார்புரேட்டரை அடையும்வரை சில நிமிடம் எஞ்சினை ஓட்ட வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன பெட்ரோலை இக்கரைசல் மீட்பதில்லை.